ஒன்றரை மணி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு

பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளே,

உங்களில் ஒருவரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியாது. கழுத்துப்பட்டியின் நிறத்தைப் பார்த்து எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் சொல்லிவிடுவேன். வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். மருந்து வாங்கவோ தபால் கந்தோருக்கோ வந்து திரும்பும்போது நீங்கள் நிற்கிற அதே தரிப்பில்தான் நானும் நிற்கிறேன். கிழவன் ஒருவன் பக்கத்தில் நிற்கிறான் என்று நீங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வதில்லை. அதனால் நிறையக் கேட்கக் கிடைக்கிறது.

போன மாதம் ஒரு நாள். இரண்டு பிள்ளைகள், ஒருத்தி வெள்ளைப் பர்தா, மற்றவள் நெற்றியில் காலையில் பூசிய விபூதி வியர்வையில் பாதி அழிந்து கிடந்தது. நடுவில் பொலித்தீன் பையில் அம்பரல்லா அச்சாறு. குத்தி எடுக்க ஈர்க்கு ஒன்றுதான், அது கை மாறிக்கொண்டே இருந்தது. புத்தகப் பையின் மேல் ஒரு விண்ணப்பப் படிவம்.

"இனம் எண்ட இடத்தில நீ என்ன போடுற?"

"இலங்கைச் சோனகர்."

"சோனகர் எண்டா?"

"தெரியா. வாப்பா அப்பிடித்தான் போடச் சொன்னார். நீ?"

"இலங்கைத் தமிழர். ஆனா எங்கட அம்மம்மாட பேர்த் சேர்ட்டிபிக்கட்டில இந்தியத் தமிழர் எண்டு கிடக்கு. அவ பதுளையில பிறந்தவ."

"அப்ப நீ கால்வாசி இந்தியாவா?"

சிரித்தார்கள். 101ஆம் நம்பர் பஸ் வந்தது, சிரித்தபடியே ஏறிப் போனார்கள். நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவன், ஒரு பிள்ளை "எண்டா?" என்று கேட்டு விடை கிடைக்காமல் போனால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்கான விடை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோனகர் என்பது பழைய தமிழ்ச் சொல். மேற்குக் கடலிலிருந்து வந்த அரபு வணிகரைத் தமிழர் அழைத்த பெயர், யவனர் என்பதன் திரிபு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் சோனக தெரு உண்டு. ஆங்கிலப் படிவத்தில் இதற்கு எதிரே இருக்கும் 'மூர்' போர்த்துக்கேயர் போட்ட பெயர். தங்கள் ஊரில் மொரோக்கோ பக்கத்து முஸ்லிம்களோடு சண்டை பிடித்துப் பழகியவர்கள், இங்கே வந்து தொழுகிறவர்களைக் கண்டதும் அதே பெயரை ஒட்டினார்கள். ஆக, தங்கச்சி, உன் படிவத்தில் ஒரு பக்கம் தமிழன் வைத்த பெயர், மறுபக்கம் லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்த பெயர். உன் வாப்பா சொன்னது சரிதான். ஆனால் அது ஏன் 'சமயம்' என்ற கட்டத்தில் இல்லாமல் 'இனம்' என்ற கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

அந்தக் கட்டத்தை உங்கள் பூட்டன் பூட்டி யாரும் கீறவில்லை. 1871இல் ஆங்கில அரசு இந்தத் தீவில் குடிசன மதிப்பெடுத்தபோது 24 'இனங்களை' எண்ணியது. பத்து வருஷம் கழித்து, 1881இல், அதை 7 ஆக்கிவிட்டார்கள். இடையில் 17 இனங்கள் கடலில் விழுந்து செத்துப்போகவில்லை, அட்டவணை சின்னதானது, அவ்வளவுதான். 1911 கணக்கெடுப்பில் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாக்கினார்கள். பதுளை அம்மம்மாவின் பத்திரத்தில் இருப்பது அந்தக் கோடு. 1948இல் சுதந்திரம் வந்தவுடன் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அதே கோட்டைப் பிடித்துத்தான் மலையகத்தில் இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. வெள்ளைக்காரன் பென்சிலால் கீறியதை நம்மவர்கள் மையால் கீறினார்கள்.

எண்ணுவது எதற்கு? பங்கு கொடுப்பதற்கு. 1833இல் சட்டசபை அமைத்தபோது இலங்கையருக்கு வைத்த ஆசனங்கள் மூன்று: சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று. முஸ்லிம்களுக்கென்று இல்லை. அதைக் கேட்கும் குரல் 1880களில் எழுந்தபோது தமிழர் பிரதிநிதியாக இருந்தவர் பொன்னம்பலம் இராமநாதன். கொட்டாஞ்சேனையில் கருங்கல்லில் நிற்கும் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டியவர் அவர்தான், உங்களில் பலர் படிக்கும் மகளிர் கல்லூரியின் பெயரிலும் அவர்தான் இருக்கிறார். அவர் 1888இல் ஆசியக் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் மொழியாலும் வழக்கத்தாலும் தோற்றத்தாலும் தமிழர்களே, மதம் மாறிய தமிழர்கள், என்பது வாதம்.

அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தாலாட்டும் தமிழ், திட்டுவதும் தமிழ், காத்தான்குடியில் கடை வைத்தாலும் பேரம் பேசுவது தமிழில். ஆனால் அது சொல்லப்பட்ட நேரத்தைப் பாருங்கள். தனி ஆசனம் கேட்டு நிற்பவனிடம் "நீ எங்கள் ஆள்தானே" என்று சொன்னால், "உனக்குத் தனியாக எதற்கு?" என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது. கண்டியில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்திய, தமிழின் முதல் நாவல்களில் ஒன்றான 'அசன்பே சரித்திர'த்தை எழுதிய சித்திலெப்பை போன்றவர்கள் தமிழை விட்டவர்களா? இல்லை. இராமநாதனின் வாதத்தைத்தான் ஏற்கவில்லை. 1889இல் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார். அணைக்க நீட்டிய கையா, பைக்குள் விட்ட கையா என்று அன்று எழுந்த சந்தேகம் இன்னும் தீரவில்லை.

இராமநாதனை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. அவருடைய தம்பி அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார், சிங்களவரும் தமிழரும் ஒன்றாக இருந்த அமைப்பு. இரண்டே வருஷத்தில் வெளியேறினார். எதற்காக? மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவோம் என்று சிங்களத் தலைவர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. மேல் மாகாணம் என்றால் நீங்கள் நிற்கிற இந்த மண். 1888இல் அண்ணன் சோனகரிடம் 'தனியாக எதற்கு' என்றார், 1921இல் தம்பியிடம் மற்றவர்கள் அதையே சொன்னார்கள்.

இனி ஒரு விளையாட்டு. காயல்பட்டினத்திலோ கடையநல்லூரிலோ ஒரு முஸ்லிம் குடும்பம், நாலு அண்ணன் தம்பி என்று வையுங்கள். மூத்தவர் சென்னையில் தங்கினால் அவர் தமிழர், சமயம் இஸ்லாம். இரண்டாமவர் சிங்கப்பூருக்குப் போனால் அடையாள அட்டையில் இந்தியர். மூன்றாமவர் பினாங்கில் கடை போட்டால், மலேசிய அரசியலமைப்பின் 160ஆம் உறுப்பு மலாய்க்காரர் என்றால் இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் பேசி, மலாய் வழக்கத்தில் நடப்பவர் என்று சொல்வதால், அவருடைய பேரப்பிள்ளைகள் மெல்ல மெல்ல மலாய்க்காரர் ஆவார்கள். கடைக்குட்டி கொழும்புக்கு வந்தால் சோனகர், அதிலும் பழைய கணக்கில் 'இந்தியச் சோனகர்'. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஓதுவது ஒரே குர்ஆன், உம்மாவுக்குக் கடிதம் எழுதுவது ஒரே தமிழில். மாறியது துறைமுகம் மட்டும்.

"சரி சேர், அப்ப கத்தோலிக்கர்?" என்று புத்திசாலி ஒருத்தி கேட்பாள். நல்ல கேள்வி. தமிழ்க் கத்தோலிக்கர் படிவத்தில் தமிழர்தான். புனித பேதுரு கல்லூரிப் பையனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தமிழரசுக் கட்சியைத் தொடங்கி, சைவக் கோயில் வீதிகளில் மேடை போட்டுப் பேசி, தந்தை என்று அழைக்கப்பட்ட செல்வநாயகம் ஒரு புரொட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். ஒருவரும் அவரை 'நீ தமிழனா' என்று கேட்கவில்லை. ஆசனம் சமயத்தின் பேரில் கிறிஸ்தவருக்கு வெட்டித் தரப்படாததால் அங்கே கோடு விழவில்லை என்பது என் எண்ணம். ஆனால் அதே கத்தோலிக்கம் நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையான கரையில் வேறு வேலை செய்தது. பள்ளிக்கூடமும் பூசையும் சிங்களத்துக்கு மாற, வலை இழுக்கும்போது தமிழ் பேசிய குடும்பங்கள் இரண்டு தலைமுறையில் சிங்களவராயின. பாட்டி தமிழில் செபமாலை சொல்வாள், பேத்திக்கு அது விளங்காது. முஸ்லிம் மொழியை வைத்துக்கொண்டு இனத்தை மாற்றிக்கொண்டான், மீனவன் சமயத்தை வைத்துக்கொண்டு மொழியை மாற்றிக்கொண்டான். மதம்தான் மனிதனைச் செய்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்தக் கரையைக் காட்டுங்கள்.

இப்போது உங்கள் பள்ளிக்கூடங்களுக்கு வருகிறேன். வஜிரா வீதியில் ஒருமுறை நடந்து பாருங்கள். வஜிராராமய விகாரை, விசாகா வித்தியாலயம், பிள்ளையார் கோயில், எல்லாம் கால்நடைத் தூரத்தில். கொஞ்சம் தள்ளி இந்துக் கல்லூரி, முஸ்லிம் மகளிர், திருக்குடும்பக் கன்னியர் மடம். எல்லார்க்கும் சீருடை வெள்ளை. உள்ளே போனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேவாரம். எப்படி இப்படி ஆனது? மிஷனரிமார் பள்ளிக்கூடமும் அச்சகமும் வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அதைக் கண்ட ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1880இல் அமெரிக்கரான ஒல்கொட் வந்தார், பௌத்தப் பள்ளிக்கூடங்கள் முளைத்தன. 1892இல் மருதானையில் ஸாஹிரா வந்தது. எதிராளியின் கருவியைக் கைப்பற்றித்தான் எல்லாரும் தங்கள் தங்கள் வேலியைக் கட்டினார்கள். இங்கேயும் அதே கதைதான்: 1917இல் விசாகா, 1922இல் புனித பேதுரு, 1951இல் இந்துக் கல்லூரி. முஸ்லிம் மகளிர் கல்லூரியை முதல் அதிபராக இருந்து வளர்த்தவர் கேரளத்திலிருந்து மருமகளாக வந்த ஆயிஷா ரவூப். மலையாளத்துப் பெண், கொழும்பு மாநகரசபையில் பிரதி மேயராகவும் இருந்தார். அவர் காலத்தில் அவரை எந்தக் கட்டத்தில் போட்டார்களோ.

இந்தப் பள்ளிக்கூடங்கள் இல்லாவிட்டால் உங்கள் அம்மம்மாமார் எழுத்துக் கற்றிருக்க மாட்டார்கள், அதனால் அவற்றை நான் பழிக்கப் போவதில்லை. ஆனால் 1940களின் நடுவில் தொடக்க வகுப்பிலும் 1950களில் மேல்வகுப்பிலும் தாய்மொழிக் கல்வி வந்தபோது, வேலிக்கு மேல் மதில் எழும்பியது. தாய்மொழியில் படிப்பது நியாயம்தான், நானே அப்படிப் படித்தவன். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்த காலம் மட்டும் அதோடு போயிற்று. சாதாரணதரத்துக்குச் சமயம் கட்டாயப் பாடம். பதினொரு வருஷம் சமயம் படித்து ஏ எடுத்த உங்களுக்கு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சமயத்தில் ஒரு கேள்விக்கு விடை தெரியுமா? நோன்பு மாதத்தில் முஸ்லிம் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் தரிப்பில் கூட்டம் பாதியாகும். "எங்க அவங்களக் காணல்ல?" என்று ஒரு பையன் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அவன் குறும்புக்குக் கேட்கவில்லை.

கலவரங்களைப் பற்றி எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மீகெட்டுவத்தே குணானந்த தேரரின் கொட்டாஞ்சேனை விகாரைக்குப் பொரளையிலிருந்து பௌத்த ஊர்வலம் ஒன்று போனது. மேளச் சத்தம் ஒரு பக்கம், கோயில் மணி மறுபக்கம். கத்தோலிக்கர் திரண்டு தாக்கினார்கள், ஓர் உயிர் போனது. விசாரணையில் நியாயம் கிடைக்கவில்லை என்று ஒல்கொட் லண்டன் வரை போய் முறையிட்டார். அதன் பலன்தான் 1885இல் கிடைத்த வெசாக் விடுமுறை, அந்த வருஷமே பறந்த பௌத்தக் கொடி. புனித தோமையார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் அந்தக் கலவரத்தோடு பள்ளியை விட்டு நின்றான். அவன்தான் பிற்பாடு அநகாரிக தர்மபால.

1983 ஜூலை 25ஆம் திகதி காலை எனக்கு வயது பத்தொன்பது. எங்கள் ஒழுங்கையின் முனையில் புகை. கையில் வாக்காளர் இடாப்பு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பார்த்து வருகிறார்கள் என்று சத்தம். பக்கத்து வீட்டு மாமா சிங்களவர், புகையிரதத் திணைக்களத்தில் வேலை. ஒன்றும் பேசவில்லை. ஏணி வைத்துப் பரணில் ஏறி, மே மாதம் கட்டி இறக்கிய வெசாக் கூட்டை எடுத்தார். நீலக் கடதாசி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அதைக் கொண்டுவந்து எங்கள் படலையில் தொங்கவிட்டார். ஆடி மாதத்தில் வெசாக் கூடு. வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். மூன்று வீடு தள்ளி, படலையில் கூடு இல்லாத வீடு எரிந்தது.

1885இல் விடுமுறை வாங்கித் தந்த பண்டிகையின் கூடு 1983இல் ஒரு சைவக் குடும்பத்தைக் காப்பாற்றியது. இதிலிருந்து பௌத்தம் நல்லது என்றோ, அன்று வந்தவர்கள் பௌத்தர்கள் ஆகவே பௌத்தம் கெட்டது என்றோ நீங்கள் எழுதினால் நான் புள்ளி போட மாட்டேன். ஒரே கூடு, தொங்கவிட்ட கையும் பார்த்துவிட்டுப் போன கண்ணும் வேறு வேறு மனிதருடையவை. அதற்குப் பிறகு நாங்கள் பம்பலப்பிட்டி மண்டபமொன்றில் பாயில் படுத்தோம், கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனோம், அடுத்த வருஷமே திரும்பி வந்தோம். திரும்பி வந்த கதையை யாரும் எழுதுவதில்லை.

நம்முடைய பங்கையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உன்னோடு அச்சாறு தின்னும் பிள்ளையின் ராத்தாவோ மாமியோ அந்தச் சோனக தெருவிலிருந்து நடந்து வந்தவர்களாக இருக்கலாம். 2007 ஜூன் 7ஆம் திகதி விடிய முன்னர் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பியபோது நாங்கள் கொதித்தோம். உயர்நீதிமன்றம் அடுத்த நாளே தடை போட்டது, பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 1990க்கு அப்படி ஒரு அடுத்த நாள் வரவில்லை. 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பின்பு, 1983இல் எங்களைப் பற்றிச் சொல்லப்பட்ட அதே வசனங்களை நம் ஆட்கள் முஸ்லிம்களைப் பற்றிச் சொன்னதை என் காதால் கேட்டேன். சொல்லுக்குச் சொல் அதே வசனம், பெயர் மட்டும் வேறு. இத்தனைக்கும் அந்த அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றப் போகிறவர்களில் முஸ்லிம்களும் உண்டு, நெற்றியில் விபூதியோடு போகிறவர்களும் உண்டு.

"அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் பாதி மட்டும் நம்புங்கள். ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவிலிருந்து வெள்ளித் தேர் காலி வீதியால் பம்பலப்பிட்டிக்கு வரும்போது சிங்களச் சனம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றது உண்மை, முஸ்லிம் வியாபாரிகள் வளையல் கடை போட்டது உண்மை. 1983க்குப் பின் அந்தத் தேர் பல வருஷம் ஓடாமல் நின்றதும் உண்மை. கூட நின்று வேடிக்கை பார்ப்பது ஒன்று, படிவத்தில் கூட நிற்பது இன்னொன்று.

உங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் விசாகாப் பிள்ளை இந்தக் கடிதத்தை வாசிக்க மாட்டாள். அது அவள் குற்றமல்ல, உங்கள் குற்றமுமல்ல. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு, அதற்குப் பிறகு சிங்களம் படிக்க மாட்டோம் என்று வீம்பு பிடித்த எங்கள் தலைமுறைக்கும் ஒரு பங்கு உண்டு. உங்களில் சிங்களம் நன்றாக வரும் யாராவது இதைச் சொல்லிக் கொடுத்தால் சந்தோஷம்.

எனக்கு ஒன்று வேண்டும். வீட்டில் அம்மம்மா, அப்பம்மா, உம்மும்மா யாருடையதோ, மிகப் பழைய பிறப்புச் சான்றிதழ் ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள். பதிந்த இனத்தையும் அவர்கள் வீட்டில் பேசிய மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் பொருந்தாத ஆட்களை நான் தேடுகிறேன். உங்களில் பாதிப் பேராவது அகப்படுவீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வாசலில், கடல் பக்கம், நிற்பேன். அங்கிருந்து மிலாகிரியா தேவாலயம். அந்தப் பெயரே 'அற்புத மாதா' என்று போர்த்துக்கேயர் கட்டிய கோயிலின் மிச்சம். பிறகு கதிரேசன் கோயில், வஜிரா வீதி, நடந்தே பார்த்துவிட்டு வருவோம். விகாரைக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும், கழற்றுவதற்கு லேசான செருப்பாகப் போட்டு வாருங்கள். தண்ணீர்ப் போத்தல் அவசியம். ஒன்பது மணிக்குள் விட்டுவிடுவேன், பிறகு உங்களுக்கு டியூஷன் இருக்கும் என்று தெரியும்.

அச்சாறு நான் வாங்கித் தருகிறேன். ஈர்க்கு ஆளுக்கு ஒன்று.

அன்புடன்,
தரிப்பில் உங்களோடு நிற்கும்
ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார்